ஓட்டுச் சில்லும் ஒளிமணியும்

புதுவையிலிருந்து திண்டிவனம் செல்லும் பெருவழிக்கு அருகே, செம்மண் மேட்டின் ஓரத்தில் அமைந்திருக்கிறது இரும்பை எனும் சிற்றூர். சம்பந்தர் பாடிய இரும்பை மாகாளம் இதுவே. வடக்கே சென்றால் கழுவெளி நீர்ப்பரப்பு. அதனையும் கடந்தால் மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளை விரித்துக் கிடக்கும். இவ்வூரைப் பற்றி வழங்கும் கதை ஒன்று உண்டு. கடுவெளிச் சித்தர் தவத்தில் அமர்ந்திருந்தாராம். மன்னன் ஏவ, ஆடல் மகள் ஒருத்தி அத்தவத்தைக் கலைத்தாளாம். அவள் ஆடுகையில் காற்சிலம்பு கழன்று விழ, சித்தர் அதை எடுத்து அணிவித்தாராம். கூடியிருந்தோர் கைகொட்டி நகைத்தனர். சித்தர் சினந்து பாடினார். கருவறைக் கல் வெடித்துச் சிதறிற்று. சிதறிய துண்டுகள் விழுந்த இடமெல்லாம் புல்லும் முளைக்காமற் போகக் கடவது என்று சாபம் பிறந்தது. பாட்டி சொல்லப் பேரன் கேட்டு, பேரன் பாட்டனாகி மீண்டும் சொல்லி, இன்றும் உலவுகிறது கதை.

கதை சுவையானதுதான். ஆனால், மண்ணைக் கேட்டுப் பார்த்தால் அது வேறொன்று சொல்லும். மேட்டிலிருந்த காட்டை மனிதன் வெட்டினான். வேரின் பிடி போன செம்மண்ணை ஐப்பசி, கார்த்திகை மழை ஆண்டுதோறும் அரித்துக் கடலில் கொட்டியது. மேடு பிளந்து பள்ளமாயிற்று. பள்ளம் ஆழ்ந்து பிலமாயிற்று. 1968-ஆம் ஆண்டு அருகே ஆரோவில் நகர் தோன்றிய பின்னர், அங்குக் குடியேறியோரும் சுற்றுச் சிற்றூர்களின் உழைப்பாளரும் வரப்புக் கட்டி, மழைநீரைத் தேக்கி, மரக்கன்று நட்டனர். சபிக்கப்பட்ட மேடு பசுங்காடாயிற்று! எந்தச் சித்தர் வந்து சாபத்தைத் திரும்பப் பெற்றுக் கொண்டார்? மண்வெட்டிக்கு முன் மண்டியிட்டதே சாபம்!

முளைக்காத மண்ணைக் கண்டால் சாபம் என்று கையை விரித்தவர் ஒரு பக்கம் இருக்க, முளைக்காத மண்ணிலிருந்தே ஒளியைப் பிழிந்தெடுத்த கைகளும் இத்தமிழ்க்கரையில் இருந்தன. அவர்களைப் பற்றிப் பேசவே இக்கட்டுரை.

கண்ணாடி என்பது மணலும் காரமும் கூடிப் பிறக்கும் பிள்ளை. மணல் மட்டும் உருகவேண்டுமாயின் 1,700 பாகை வெப்பம் வேண்டும்; விறகு அடுப்பு அதனைத் தாங்காது, தரவும் தராது. சோடாக் காரம் சேர்ந்தால் உருகுநிலை பெரிதும் தாழும். அந்தக் காரம் நம் நாட்டில் எங்கே கிடைத்தது? வறண்ட நிலங்களில், கோடை வெயிலில் வெள்ளைப் படலமாய்ப் பூக்கும் உவர்மண்ணில் கிடைத்தது. உழவன் கண்டு பெருமூச்சு விட்ட மண் அது. வண்ணார் பெருமக்கள் அதனை வாரி வந்து வெள்ளாவி வைத்தனர். கண்ணாடி உலைக்காரன் வாரி வந்து உருக்கினான். ஊர் ஒதுக்கிய மண்ணை, ஊர் ஒதுக்கிய மக்கள் பயன்கொண்டனர்! தென்னாட்டுப் பழங்கண்ணாடி மணிகளை இன்றைய ஆய்வுக்கூடங்கள் பகுத்துப் பார்த்தபோது, பலவற்றில் அலுமினா மிகுந்திருக்கக் கண்டனர். தூய வெண்மணலைத் தேடி அலையாது, காரம் பூத்த மணலையே நேரே உலையில் இட்டதன் அடையாளம் அது.

இங்கே ஒரு குழப்பத்தைக் களைந்துவிட வேண்டும். மரக்காணத்து அளத்தில் விளையும் உப்பும் இந்த உவர்க்காரமும் ஒன்றெனச் சிலர் எண்ணக்கூடும். இரண்டும் சோடியத்தின் சேர்க்கைகளே. ஆயினும் சோற்றுக்கு இடும் உப்பை உலையில் கொட்டினால் கண்ணாடி கிடைக்காது. கடலுப்பைச் சோடாவாக மாற்றும் முறைக்கு 1791-இல் பிரெஞ்சு நாட்டு லெப்லாங்க் உரிமை பெற்றார்; அதற்குக் கந்தக அமிலம் வேண்டியிருந்தது. அதற்குப் பன்னூறு ஆண்டுகட்கு முன்பே, எந்த வெள்ளை உணவுக்கு, எந்த வெள்ளை உலைக்கு என்று நாவால் சுவைத்தும் தீயில் இட்டும் பிரித்தறிந்த மக்கள் இங்கு வாழ்ந்தனர். ஏடு தொடாத அறிவு; எனினும் அறிவுதான்.

இரும்பைக்குத் தெற்கே ஒரு நாள் நடைத் தொலைவில், புதுவையைத் தாண்டி, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. உலகப் புகழ் பெற்றுவிட்ட மேடு. அதன் புகழ் பிறந்த விதமே நம் பொருளுக்கு இயைந்தது. 1937-இல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய், அங்குள்ள சிறுவர் மண்ணில் பொறுக்கிய மணிகளைக் கண்டு வியந்தார். 1944-இல் தொல்லியல் துறையின் தலைவராய் வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் உரோமானிய மதுச்சாடியின் உடைந்த துண்டு ஒன்றைக் கண்டார். 1945-இல் அகழ்ந்தார். இத்தாலி நாட்டு அரெட்சோவில் வனைந்த செந்நிறக் கலங்களின் ஓடுகள் வந்தன; அவற்றின் காலம் ஏற்கெனவே தெரிந்தது; ஆதலின் தென்னாட்டு வரலாற்றுக்குக் காலக்கணக்கு ஒன்று கிடைத்தது. பின்னர் 1947 முதல் 1950 வரை கசால் அகழ்ந்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையார் அகழ்ந்து, உரோமர் வருமுன்னரே அங்கு ஊர் இருந்தது என்பதை நிலைநாட்டினார்.

ஓடுதான் வரலாற்றைத் திறந்தது. ஆனால் எந்த ஓடு? சீமையிலிருந்து வந்த ஓடு! சீமானின் மதுவைச் சுமந்து வந்த சாடிக்கு நூலில் படம், காட்சிக் கூடத்தில் பீடம். அதே மண்ணில், அதே குழியில், கண்ணாடித் துண்டைச் சுமந்து நெருப்பில் வெந்த உள்ளூர்ச் சட்டியின் ஓட்டுக்கு எத்தனை பேர் கண் திறந்தனர்? அரிக்கமேட்டை இந்திய–உரோமானிய வணிகத்தலம் என்றே வீலர் தம் அறிக்கைக்குப் பெயரிட்டார். வாங்கியவன் பெயரால் ஊர் அறியப்பட்டது. செய்தவன் பெயர் கூலிக்கணக்கில்கூட இல்லை.

செய்தவன் என்ன செய்தான், எதில் செய்தான் என்பதைப் பார்ப்போம்.

கண்ணாடி இரு வழியாகக் கிடைத்தது. ஒன்று, இங்கேயே மணலை உருக்கி எடுத்தது. மற்றொன்று, கப்பலில் வந்த கட்டிக் கண்ணாடி. செங்கடற் செலவு பற்றிய கிரேக்க மாலுமியின் கையேடு, முசிறியில் இறங்கிய சரக்குகளுள் பண்படுத்தாத கண்ணாடியையும் குறிக்கிறது. இந்தியக் கண்ணாடி உடைத்த பளிங்கினால் ஆனது, ஆதலின் ஈடற்றது என்று உரோம நாட்டு பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதி வைத்தார். பளிங்குக் கதை கேள்விச் செய்தி. ஆயினும் உடைப்பு என்ற ஒன்றை அவர் காதில் யாரோ போட்டிருக்கிறார்கள்! கட்டியானாலும் பழைய வளையல் துண்டானாலும் அப்படியே உலைக்குப் போகாது. உடைக்க வேண்டும்; நொறுக்க வேண்டும். நொறுங்கியது விரைந்து இளகும், சீராக உருகும், விறகு மிச்சமாகும். நொறுக்கிய கண்ணாடியோ பொல்லாதது. கையைக் கிழிக்கும், அதன் தூள் மூச்சில் ஏறி நெஞ்சை அரிக்கும். அதனை அள்ளி வைக்க, நிறம் நிறமாய்ப் பிரித்து வைக்க, கலப்பின்றிக் காக்க, நெருப்பில் ஏற்ற ஒரு கலம் வேண்டும். இக்கலையின் பாதி வெற்றி அந்தக் கலத்தில் இருந்தது.

பொன்னுக்கு மூசை உண்டு, கைப்பிடிக்குள் அடங்கும். கண்ணாடிக்கும் மூசை வேண்டும். ஆனால் பொன்னைவிடக் கண்ணாடி கொடியது. உருகிய பொன் மூசையைத் தின்பதில்லை. உருகிய கண்ணாடி தின்னும். அதிலுள்ள காரம் களிமண்ணைக் கரைத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். எத்துணைக் கெட்டியாக வனைந்தாலும் மூசைக்கு ஆயுள் குறைவு. இரும்புக் கலமோ செதிலுரிந்து கண்ணாடியின் நிறத்தைக் கெடுக்கும். செம்போ ஏறத்தாழ 1,085 பாகையில் தானே உருகிவிடும். எனவே மண்ணுக்கே திரும்பினான் தொழிலாளி. குயவன் உமியைப் பிசைந்து சேர்த்த முரட்டு மண்; உமி எரிந்தபின் விடும் நுண்துளைகள் வெப்பத்தின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்; உமிச் சாம்பலில் எஞ்சுவதும் பெரும்பாலும் மணலின் சத்தாகிய சிலிக்காவே. மூசை உடைந்தால் அழுவதற்கு ஒன்றுமில்லை. ஒட்டிய கண்ணாடியோடு அதை எறிந்தான். அவன் எறிந்ததைத்தான் ஆய்வாளர் இன்று தேடித் தேடிப் பொறுக்குகின்றனர். உட்புறத்தில் பச்சையாகவோ நீலமாகவோ தோல் படிந்த ஓடு கிடைத்தால், அங்கே உலை எரிந்தது என்பதற்கு அதனினும் சிறந்த கல்வெட்டு வேண்டாம்.

அரிக்கமேட்டு மணி பெரும்பாலும் ஊசித் துளை கொண்ட சிறு மணி. ஆறு மில்லிமீட்டருக்கு உட்பட்டது. ஒவ்வொன்றாய் உருட்டிச் செய்ததன்று. குழாயாய் இழுத்து, நறுக்கிச் செய்தது. அந்த முறை ஏட்டில் இல்லை. ஆனால் முற்றும் மறையவுமில்லை. திருப்பதிக்கு அருகே பாப்பாநாயுடுபேட்டை என்னும் ஊரில் அதே முறை 20-ஆம் நூற்றாண்டிலும் உயிரோடிருந்தது. மணி ஆராய்ச்சியாளர் பீட்டர் பிரான்சிஸ் அங்கே சென்று பார்த்து எழுதினார். உருகிய கண்ணாடியை இரும்புக் குழலொன்றின் முனையில் கூம்பாகத் திரட்டுவர். லாடா என்பது அக்குழலின் பெயர். ஒரு கம்பியைச் செலுத்திக் கூம்பின் நடுவே துளை காண்பர். மீண்டும் உலைவாயில் வைத்து, முனையைக் கொக்கியால் பற்றி இழுத்தால், துளை கெடாமல் நூலாய் நீண்டு வரும் கண்ணாடிக் குழல். கைமாற்றிக் கைமாற்றி இழுத்துக்கொண்டே இருப்பார் தலைத் தொழிலாளி. வேகம் மிகுந்தால் குழல் மெலியும், குறைந்தால் பருக்கும். மணியின் அளவு அவர் கையின் நடையில் இருக்கிறது, அளவுகோலில் இல்லை.

பின்னர் குழல்களை மணி மணியாய் நறுக்குவர். நறுக்கிய மணிக்கு ஓரம் கத்தியாய் இருக்கும். நூலை அறுக்கும், கழுத்தைக் கீறும். ஓரத்தை மழுக்க மீண்டும் சூடு வேண்டும். இங்கேதான் சிக்கல். ஆயிரமாயிரம் மணிகளை ஒரே கலத்தில் கொட்டிச் சூடேற்றினால் என்ன ஆகும்? ஓரம் இளகும், இளகிய ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டும், துளைகள் மூடும், இறுதியில் மணி இராது, ஒரு கட்டிதான் இருக்கும். இதற்குக் கண்ட வழி என்ன தெரியுமா? சாம்பல்! அடுப்பில் வெந்து தணிந்த சாம்பல். மணிகளைச் சாம்பலோடு கலந்து பிசறினால், அது துளைக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும். மணிக்கும் மணிக்கும் நடுவே திரையாய் நிற்கும். ஏற்கெனவே எரிந்தது ஆதலால் மீண்டும் எரியாது, அந்த வெப்பத்தில் உருகவும் செய்யாது. அந்தக் கலவையை மட்கலத்தில் இட்டு, உலையில் வைத்துக் கிளறினர். ஓரங்கள் உருண்டன. ஆறியபின் சாம்பலைப் புடைத்து நீக்கினால், பவளம் போன்ற சிவப்பும் மயிற்கழுத்து நீலமும் மின்னின. கோத்து முடிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. ஏற்றுமதிக் கணக்கில் அவர்கள் விரல்களுக்கு என்ன விலை இடப்பட்டது என்பதை எந்த வணிகனும் எழுதி வைக்கவில்லை.

அந்த மட்கலம் புதிதாய் இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. சோறு சமைத்துச் சலித்த பானையின் அடி, கழுத்துடைந்த குடத்தின் வயிறு, அகன்ற ஓட்டுச் சில்லு எதுவும் போதும். பன்முறை நெருப்பைக் கண்ட ஓடு புதுக்கலத்தைப் போல் சட்டென வெடிக்காது. உடைந்தபின் பயனில்லை என்று இல்லத்தரசி எறிந்தாள்; உடைந்தபின்தான் பயன் என்று உலைக்காரன் எடுத்தான்.

மணி சென்ற இடங்களைக் கேளுங்கள்! சிங்களத்து மாந்தை, தாய்லாந்தின் குவான் லூக்பாத், வியத்நாமின் ஓக்கியோ, மலேயாவின் கோலா செலின்சிங் ஆகிய இடங்களிலெல்லாம் இவ்வகை மணிகளும், அவற்றைச் செய்ததன் எச்சங்களும் கிடைத்துள்ளன. சரக்கு மட்டும் போகவில்லை, சரக்கைச் செய்யும் கையும் கப்பலேறிற்று என்பது பிரான்சிசின் கொள்கை. கடல் கடந்தால் குலம் கெடும் என்று சாத்திரம் எழுதியவன் கரையில் நின்றுகொண்டிருக்க, சாம்பலும் சட்டியும் கடலைக் கடந்தன.

தென்னாப்பிரிக்காவில் லிம்போப்போ ஆற்றின் அருகே கே-2 எனப் பெயரிடப்பட்ட பழைய ஊர் உண்டு; காலம் கி.பி. 1000 முதல் 1220 வரை. அங்கே இந்திய நாட்டுக் கண்ணாடியாலான சிறு மணிகள் வணிகத்தில் வந்து குவிந்தன. அம்மக்கள் அணிந்து மகிழ்ந்ததோடு நிற்கவில்லை. பல மணிகளை ஒன்றாய் உருக்கித் தங்கள் விருப்பத்துக்கு உருண்டை திரண்ட பெருமணி ஒன்று வார்த்தனர். வார்ப்பதற்குச் செய்த கலம்? ஒரே முறை பயன்படும் களிமண் அச்சு. மணியை எடுக்க அச்சை உடைத்தாக வேண்டும். அந்த உடைந்த அச்சுகள் கிடைத்திராவிடில், ஆப்பிரிக்கன் வாங்கத் தெரிந்தவன், ஆக்கத் தெரியாதவன் என்று வெள்ளை ஆண்டைகள் இன்னும் அளந்துகொண்டிருப்பர்.

மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் குரோபோ மக்கள் இன்றும் பழம் புட்டிகளை உரலில் இடித்துத் தூளாக்கி மணி செய்கின்றனர். களிமண் பலகையில் குழி குழியாய் அச்சு. குழிக்குள் வெண்களிமண் பூச்சு. கண்ணாடி ஒட்டாதிருக்க நம்மவர் சாம்பலால் கண்ட அதே சூழ்ச்சி. துளைக்கு என்ன செய்கிறார்கள்? குழியின் நடுவே மரவள்ளி இலைக் காம்பை நட்டு, அதைச் சுற்றித் தூளை நிரப்புகின்றனர். சூட்டில் காம்பு கருகிப் போகும்; அது நின்ற இடம் துளையாய் நிற்கும். இன்னும் வடக்கே, மௌரித்தானியாவின் கிப்பாப் பகுதிப் பெண்கள் கண்ணாடியை மாவாய் அரைத்து, எச்சிலோ பிசின் நீரோ விட்டுக் குழைத்து, ஊசிமுனையால் வண்ணக் கோலமிட்டு மணி செய்தனர். சுடுவதற்கு அவர்கள் கொண்ட கலம், மத்தி மீன் அடைத்து வந்த தகர டப்பா! பாலைவனத்தில் உலைக்களம் ஏது, ஆய்வுக்கூடம் ஏது? ஐரோப்பியன் மீனைத் தின்று எறிந்த தகரமே அவர்களுக்கு உலைக்கலம்.

இத்துணை அறிவையும் நம் நாட்டில் எழுதியவர் யார்? மணிகளைப் பற்றி நூல்கள் இல்லாமல் இல்லை. எந்த மணி எந்தக் கோளுக்கு உரியது, எதை அணிந்தால் அரசு கிட்டும், எந்தக் குற்றமுள்ள மணி குடியைக் கெடுக்கும் என்று இரத்தினப் பரீட்சை நூல்கள் விரிவாகவே எழுதப்பட்டன. உலையின் வாய் எத்துணை அகலம், சாம்பல் எத்துணை, சட்டிக்கு எந்த மண் என்று எழுத ஒரு சுவடி இல்லை! எழுதத் தெரிந்தவன் உலையருகே போகவில்லை; உலையருகே இருந்தவனுக்கு எழுத்தைத் தரவில்லை. தந்தை மகனுக்கு வாய்மொழியாய்ச் சொன்னது, மகன் இறந்தால் மண்ணாய்ப் போயிற்று. மைசூர்ச் சீமையின் மட்டோடு என்னும் ஊரில் வளையற் கண்ணாடி உருக்கிய முறையை, உலையும் மூசையும் உவரும் உட்பட, எழுதி வைக்க 1801-இல் ஓர் அயல்நாட்டான் வரவேண்டியிருந்தது. பிரான்சிசு புக்கானன் என்னும் அந்த மருத்துவர் கும்பெனியின் ஏவலில் வந்தவர். வரி வாங்கும் நோக்கில் நாட்டை அளக்க வந்தவர்கள் கூட்டத்தைச் சேர்ந்தவர். ஆயினும் தொழிலாளியின் முன் குந்தி, இது என்ன, அது எதற்கு என்று கேட்டார். 1807-இல் அச்சிட்டார். கேட்கக் கூசாத அந்த ஒரு குணத்துக்காக அவர் நூலைப் புரட்டலாம்.

மணி செய்தவனின் அறிவு மறைந்தபின் மணியைச் சுற்றி மிஞ்சியது என்ன? கருமணியைக் குழந்தை கையில் கட்டினால் கண்ணேறு படாது என்பது மிஞ்சிற்று. கருமை எதனால் வந்தது என்று உலைக்காரனைக் கேட்டிருந்தால், இரும்பையோ மாங்கனீசையோ கைகாட்டியிருப்பான். சிவப்பு செம்பின் வேலை. ஆழ்நீலம் கோபால்ட்டின் வேலை. கண்ணேற்றுக்கு அங்கே எந்தப் பங்கும் இல்லை. பழனிக்கு அருகே பொருந்தலில் பேராசிரியர் கா. இராசன் 2009, 2010-ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தபோது, ஊரிருக்கையில் கண்ணாடி மணிகளும் உலையின் எச்சமும் வெளிப்பட்டன. உள்நாட்டில், மலையடிவாரத்திலேயே இத்தொழில் இருந்திருக்கிறது. கடலூருக்கு அருகே காரைக்காட்டிலும் கண்ணாடி மணித் தொழிலின் தடயம் உண்டு. கிள்ளையை அடுத்து ஓர் ஊருக்குப் பெயரே மணிக்கொல்லை! அங்கே விளைந்தது நெல்லா, கேழ்வரகா என்று ஐயுறவே இடமில்லை.

அரிக்கமேட்டிலும் மணிக்கொல்லையிலும் மழை பெய்து மண் கழுவுண்டபின் மணி பளிச்சிடும். பார்த்தவர் குனிந்து எடுக்கின்றனர். பக்கத்திலேயே கரி படிந்து கிடக்கும் ஓட்டைக் காலால் தள்ளிவிடுகின்றனர். அங்குச் செல்லும் இளைஞர்கள் அந்த ஓட்டையும் ஒருமுறை பாருங்கள். உட்புறம் வழுவழுப்பாய், சொட்டு வழிந்து உறைந்தாற்போல் பச்சையோ செம்மையோ படிந்திருக்கிறதா? புறத்தே சாம்பல் வெந்து கெட்டித்திருக்கிறதா? இருந்தால் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டா. எந்த அடுக்கில், எதன் அருகே கிடந்தது என்பதே அதன் சான்று. இடம் பெயர்ந்தால் அது வெறும் ஓடு. இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்கு ஓர் அஞ்சல் எழுதுங்கள்.